பாப்பாவின் உள்ளங்கால்

முதலில் விரலிடுக்கில்தான் அரித்தது. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் எனக்கு அரிப்பு புதிதல்ல. கோழிப்பேன் ஏறும், குளித்தால் போய்விடும். இது போகவில்லை. படுத்தால் போதும், மணிக்கட்டும் இடுப்பும் பிடுங்கி எடுத்தன. அதே பண்ணையில் ஷெட்டுக்கு மருந்தடிக்கும் என் கணவருக்கும் வந்தது.

“பேனுக்கு மருந்து நம்ம கையிலயே இருக்குது புள்ள” என்று பண்ணை மருந்தைத் தண்ணீரில் கலந்து கைகளில் தடவிக்கொண்டார். கை சிவந்து எரிந்தது. தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை, ஏழு மாதப் பாப்பாவைக் குளிப்பாட்டும்போது உள்ளங்காலில் சின்னச் சின்னக் கொப்புளங்களைப் பார்த்தேன். பண்ணைப் பக்கமே போகாத குழந்தை. இவளைக் கோழிப்பேன் எங்கே கண்டது?

அவர் மருந்துக் குவளையோடு வந்தார். “பாப்பாவுக்குக் கொஞ்சமா தொட்டு வெச்சாப் போதும்.”

“வேண்டாமுங்க. நேத்து உங்களையே உக்கார வெச்சுது. இவ தாங்குவாளாங்க?”

புதுச்சத்திரத்தில் நாமக்கல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் பாப்பா காலோடு காலைத் தேய்த்து அழுதாள். தீராத நோயோ என்று என்னென்னவோ நினைத்தேன்.

தோல் டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

“அந்த மருந்தைப் பாப்பாவுக்கும் போட்டீங்களா?”

“இல்லீங்க.”

“நல்லவேளை. தோல் வழியா இறங்கி மூச்சையே நிறுத்தியிருக்கலாம்.”

என் கணவரையும் உடனே கூட்டிவரச் சொன்னார்.

எங்களுக்கு வந்தது ஸ்கேபீஸ் (கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வரும் சிரங்கு). கோழியிடமிருந்து வருவதல்ல, மனிதரை ஒட்டிப் படுத்தால் மனிதருக்கு வருவது. அணைத்துப் படுத்த நாங்கள்தான் பாப்பாவுக்குக் கொடுத்திருக்கிறோம். பெர்மெத்ரின் (சிற்றுண்ணியைக் கொல்லும் களிம்பு) எழுதிக்கொடுத்தார். வீட்டில் எல்லோரும் ஒரே இரவில், அரிக்காத இடத்திலும் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி, காலையில் குளிக்க வேண்டும். பாப்பாவுக்குக் கண்ணும் வாயும் தவிர்த்து தலை, முகத்திலும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். துணி, போர்வையை வெந்நீரில் அலச வேண்டும்.

“பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும். பயப்படாதீங்க” என்றார்.

அதுதான் என்னால் முடியவில்லை. உங்கள் வீட்டிலும் இது வந்திருந்தால் உங்களுக்குப் புரியும். கொசு கடித்தாலும் திரும்பிவிட்டதோ என்று திடுக்கிடுவேன். என் தோலையே நான் நம்புவதில்லை. சாயங்காலம் என்றாலே பாப்பாவின் பாதத்தை விளக்குக்கு நேரே திருப்பிப் பார்க்கும் வேளைதான்.

கொப்புளங்கள் எப்போதோ காய்ந்து உதிர்ந்துவிட்டன. இப்போது விளக்கைப் போட்டதும் அவளே காலை நீட்டிச் சிரிக்கிறாள். அவளுக்கு அது விளையாட்டு. நான் முத்தம் கொடுக்கிறேன், விரலிடுக்கைப் பார்த்த பிறகு.