பல்கேரியா ஸ்தோயன்

சாப்பாட்டு அறைக்குள் புதிதாக ஒருவர் நுழைந்தால் ஸ்தோயன் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். கதவைப் பார்த்தபடிதான் எப்போதும் உட்காருவார். வந்தவர் தேநீர் ஊற்றிக்கொண்டு போய் உட்காரும்வரை கண்ணை எடுப்பதில்லை. பிறகு, எங்களிடமிருந்து பொறுக்கிக்கொண்ட தமிழில் என் காதோரம் கேட்பார்: "ஆர் அனுப்பினது?"

1986இல், நாங்கள் அகதியாக வந்து சேர்ந்த குளிர் நாட்டில், சென்ட் லோரன்ட் என்ற பகுதியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை அது. நாங்கள் ஒரு கூட்டம் தமிழர். பல்கேரியர் அவர் ஒருவர்தான். நாற்பதைத் தாண்டியவர். குளிர் ஏறினால் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வேலை செய்வார். கருங்கடல் கரையில் ஒரு நகரத்து உதைபந்தாட்ட அணிக்கு ஒன்பது வருடம் முன்வரிசையில் நின்று கோல் அடித்ததாகச் சொல்வார். வியன்னாவுக்கு ஆடப் போன இடத்தில், சிகரெட் வாங்கி வருகிறேன் என்று விடுதியை விட்டு இறங்கியவர் திரும்பவே இல்லையாம்.

எங்கள் கூட்டத்து யோகேந்திரன் இதை நம்பவில்லை. "ஒரு படம் இல்லை, ஒரு பேப்பர்த் துண்டு இல்லை. பந்தடிச்ச ஆளாம்! உவர் எங்களைப் பற்றி ஆருக்கோ போய்ச் சொல்லுற ஆள் அண்ணை. பாத்துக் கதையுங்கோ."

அகதி வழக்கு முடியாத எங்களுக்கு அது போதுமாக இருந்தது. அவர் பக்கத்தில் வந்தால் குரலைத் தாழ்த்தினோம். நாங்கள் தாழ்த்தத் தாழ்த்த அவர் எங்களை இன்னும் உற்றுப் பார்த்தார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஜரி பார்க்கில் கிரேக்க இளைஞர்களோடு ஆட்டம். எங்களோடு வேலை செய்த மட்டக்களப்பு வலன்ரைனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வேலியோரம் நின்று பார்த்த ஸ்தோயனைத் தன் இடத்துக்கு அவனே கையைப் பிடித்து இழுத்துவந்தான். ஸ்தோயன் ஓடவில்லை, நடந்தார். பந்து வரப்போகும் இடத்துக்கு அதற்கு முன்னரே போய் நின்றார். உயர வந்த ஒரு பந்தை நெஞ்சில் இறக்கி, நிலத்தைத் தொடமுன் இடக்காலால் அடித்தார். கோல் காத்தவன் கையைக்கூடத் தூக்கவில்லை. யோகேந்திரன் வாய் திறந்தபடி நின்றான்.

கோட்டுக்கு வெளியே இருந்த வலன்ரைன் சந்தோஷத்தில் கமராவை எடுத்து ஒரு படம் தட்டிவிட்டான்.

ஸ்தோயன் ஆட்டத்தை விட்டு நேரே வந்து கமராவைப் பறித்தார். "படம் வேண்டாம்! ஆர் அனுப்பினது? ஆர்?" முகம் வெளுத்துப்போயிருந்தது. உடைந்த ஆங்கிலத்தில் என்னிடம் கொட்டினார். ஊரில் தங்கை, பள்ளி ஆசிரியை. நாட்டை விட்டு ஓடியவனின் வீட்டாருக்கு அங்கே வேலை இல்லை. அண்ணன் செத்திருப்பான் என்று பொலிசுக்குச் சொல்லித்தான் வேலையைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். ஒரு படம் போதும், அவள் பொய்க்காரியாகிவிடுவாள். அவருடைய பெருவிரல் கமராவின் பின்மூடியில் ஏறியிருந்தது; திறந்தால் பிலிம் முழுவதும் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடும்.

"திறந்திராதீங்க அண்ணன்!" வலன்ரைன் நொண்டியபடி எழுந்தான். "இதுக்குள்ளதான் என்ட மகள்ட ஞானஸ்நானப் படம் கிடக்கு. ஊரில அம்மா பிள்ளைர முகத்த இன்னும் காணல்ல."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஸ்தோயன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றையும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

"உண்மை, அண்ணை," என்றான் யோகேந்திரன். அவரை அவன் அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். "நானும் அண்டைக்குக் கோயிலிலை நிண்டனான்."

பெருவிரல் மெல்ல மூடியை விட்டு இறங்கியது. பறித்தபோது அவருடைய வியர்வைக் கை கமராவின் கண்ணாடியில் பட்டிருந்தது. சட்டை நுனியால் அதை நன்றாகத் துடைத்து, வலன்ரைனின் கையில் வைத்தார்.