மனுவேல் தண்டலின் முன்சக்கரம்

காரை நிறுத்திய பிறகு மனுவேல் தண்டல் அதைக் கட்டுகிறார். முன்பம்பரில் வடத்தைச் சுற்றி, வாசலில் நிற்கும் பூவரச மரத்தில் முடிச்சுப் போடுவார். கைபிரேக் இருக்கிறதே என்று யாராவது கேட்டால், "பிரேக்கும் பிடிக்கட்டும், கயிறும் பிடிக்கட்டும்" என்பார். காரின் மூக்கு எப்போதும் காற்றை எதிர்த்தே நிற்கும். கொண்டல் வீசும் மாதங்களில் கடலைப் பார்க்கும். மேல்காற்றான கச்சான் கிளம்பியதும் ஊரைப் பார்க்கும்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தோணி ஓட்டியவர். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பது இந்தக் கரையின் வழக்கம். அவர் கரையேறிவிட்டார், பேர் ஏறவில்லை. கார் ஒரு பழைய ஆஸ்டின். பஞ்சாலையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போனது. உயரமான, மெலிந்த சக்கரங்கள். அவற்றுக்கான டயர் கொழும்பிலிருந்து அவருடைய தோணியிலேயே வந்துகொண்டிருந்தது. சுங்கக் கெடுபிடி கூடியபின் அதுவும் நின்றது. அதனால் அம்பாசிடர் சக்கரங்களை வாங்கினார். போல்ட் துளைகள் பொருந்தின. ஆனால் முன்சக்கரங்களைத் திருப்பினால் உள்விளிம்பு ஸ்டியரிங் கம்பியில் உரசியது. நடுவே ஒரு கனத்த தட்டை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ள வேண்டும். பட்டறைகளில் அதை ஸ்பேசர் என்கிறார்கள்.

தண்டல் தட்டை வைத்தார், அதோடு நிற்கவில்லை. தட்டின் இருபுறமும் பஞ்சுத் திரியைச் சுற்றி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினார். தோணிப் பலகைகளின் இடுக்கை அடைக்கிற அதே கலப்பத்து வேலை.

"இரும்பும் இரும்பும் கடிச்சிக்கிட்டு நிக்கப்பிடாது. கொஞ்சம் நெகிழ்வு வேணும். இல்லன்னா ஒரு அலைக்குப் பொளந்துரும்."

தோணியைப் பொறுத்தவரை அது சரி. பலகைகள் விட்டுக்கொடுப்பதால்தான் அது கடலைத் தாங்குகிறது. கடலில் அவரை உயிரோடு வைத்திருந்த ஓர் உண்மை தார்ச்சாலையில் ஏன் செல்லாமல் போக வேண்டும்? அப்படியொரு சந்தேகம் அவருக்கு வரவில்லை. வந்திருந்தால் அவர் நல்ல தண்டலாக இருந்திருக்க மாட்டாரோ என்னவோ.

ஓட ஓடப் பஞ்சு அமுங்கியது, நட்டுகள் தளர்ந்தன. திருச்செந்தூர் சாலையில் உப்பளங்களுக்கு நடுவே குடும்பத்தோடு போகும்போது ஒரு சக்கரம் அவர்களை முந்திக்கொண்டு உருண்டு போய்ப் பாத்திக்குள் இறங்கியது.

"அப்பா, யாருக்கோ சக்கரம் கழண்டு ஓடுது!" என்றாளாம் பின்னால் இருந்த மகள் ரோஸ்.

"நம்மளதுதான், ஏளா" என்றாராம் தண்டல். அதற்குள் வண்டி ஒரு பக்கமாகத் தரையைத் தேய்க்கத் தொடங்கியிருந்தது.

யாருக்கும் காயமில்லை. ஆனால் மனைவி அந்தோணியம்மாள் அதன்பின் அந்தக் காரில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டல் காரை ஊர்ந்து செலுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவார். அந்த அம்மாள் பின்னால் நடந்து வருவார்.

"ஏளா, ஏறு. ஊரு பாக்குது."

"பாக்கட்டும். உங்க சக்கரம் முன்னாலதான ஓடும்? நான் பின்னாலயே வாரேன்."

இந்த வருடம் ரோஸுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மகளை ஆஸ்டினில் தானே ஓட்டிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் இறக்க வேண்டும் என்பது தண்டலின் ஆசை. ரோஸும் சம்மதித்தாள். அந்தோணியம்மாள் மட்டும் அசையவில்லை. "போங்க. நான் ரிக்‌ஷாவுல பின்னால வாரேன். சிதறுனதைப் பொறுக்க ஒரு ஆளு வேணும்லா?" மணப்பெண்ணின் பக்கத்தில் தாய் இல்லாமல் ஒரு கார் போனால் அதைத் தெருவே பார்க்கும். தண்டலுக்கு அது தெரியும்.

துறைமுகச் சாலையில் லேத் வைத்திருக்கும் ஆவுடையப்பன், சக்கரத்தில் பஞ்சு கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார். "நீ தோணியைக் கண்டிருக்கியாலே?" என்று அவர் வாயை அடைத்தவர் தண்டல். இப்போது தட்டுகளைக் கழற்றிக்கொண்டு போய் அவருடைய மேசையில் வைத்தார். ஆவுடையப்பன் குங்கிலியத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, சக்கரத்துக்குத் தூபம் போட்டிருக்கிய?"

"மகளுக்குக் கல்யாணம்" என்றார் தண்டல்.

கல்யாணத்துக்கு முந்திய நாள் புதுத் தட்டுகளும் நீளமான போல்ட்டுகளும் கிடைத்தன. "நடுவுல ஒரு நூலுகூட இருக்கக்கூடாது. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, நிப்பாட்டி, நட்டையெல்லாம் மறுபடி முறுக்கணும்" என்றார் ஆவுடையப்பன்.

"நான் முறுக்கினா முறுக்கினதுதாம்லே."

மறுநாள் காலை, பூச்சரம் சுற்றிய கார் பாண்டு வாத்தியத்துக்குப் பின்னால் கிளம்பியது. பின்சீட்டில் வெள்ளை முக்காடிட்ட ரோஸ் தனியாக இருந்தாள். காருக்குப் பின்னால் ரிக்‌ஷா. கிரேட் காட்டன் ரோடு திருப்பத்தில் கார் நின்றது. வாத்தியக்காரர்கள் சற்றுத் தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன தண்டலு, நங்கூரம் போட்டாச்சா?" என்று கடை வாசலிலிருந்து ஒருவர் கத்தினார். சிரிப்பு எழுந்தது.

தண்டல் கோட்டோடு இறங்கினார். வீல் ஸ்பேனரை எடுத்து, வெள்ளைக் கால்சட்டையோடு தெருவில் முழங்காலிட்டு முதல் நட்டில் வைத்து அழுத்தினார். அது நகர்ந்தது. கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக முறுக்கி, மறுபக்கம் போய் அங்கேயும் முழங்காலிட்டார்.

அவர் எழுந்தபோது அந்தோணியம்மாள் ரிக்‌ஷாவை விட்டிறங்கிப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"இறுக்கமாத்தான இருந்துச்சு?"

"இல்ல. கால் சுத்து குடுத்துச்சு."

அந்த அம்மாள் கையை நீட்டினார். தண்டல் ஸ்பேனரைக் கொடுத்தார். அந்தோணியம்மாள் மகளின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மசகு படிந்த அந்த இரும்பைப் பட்டுப்புடவை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.