ஐந்தரைக் கட்டை

1. முதல் ஒத்திகை

புதுக் குழுவில் சேர்ந்த அன்றே என் குரல் உடைந்தது.

மெல்லிசைக் குழு என்றுதான் நோட்டீஸில் போடுவார்கள். நான் பாடுவதில் மென்மை எதுவும் இல்லை. எங்கள் தொழிலில் அதற்குக் கத்தல் பாட்டு என்று பெயர். டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும். அதன்மேல் பாதி வார்த்தையும் பாதி அலறலுமாகப் பாட வேண்டும். முடிவில் ஒரு நீண்ட அலறல் உண்டு. கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். புதுச்சேரியில் அப்போது அதைப் பாட முன்வந்த பெண்கள் குறைவு.

முத்தியால்பேட்டையில் குழுத் தலைவர் சலீம் பாயின் வீட்டு மாடியில் ஒத்திகை. குழந்தையின் காதில் பஞ்சு வைத்து, உள் அறையில் என் அம்மாவிடம் விட்டிருந்தேன். பஞ்சு போதுமா என்று இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சலீம் பாய் ஆர்கன் முன் உட்கார்ந்து, "சிஸ்டர், சுதி?" என்றார்.

"அஞ்சரை."

ஆர்மோனியத்தின் கட்டைகளை வைத்துச் சுதியைச் சொல்வது எங்கள் வழக்கம். எண் ஏறினால் சுதி ஏறும். ஐந்தரை எனக்குப் பதினெட்டு வயதிலிருந்தே அமைந்த சுதி.

பாட்டு ஓடியது. அலறல் வர வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றேன். இந்த முறை இருமல் வந்தது.

சலீம் பாய் எல்லோரையும் நிறுத்தினார். "சிஸ்டர், தப்பா நெனச்சிக்காதீங்க. அந்தக் கல்யாணத்துல நீங்க பாடுனதக் கேட்டுதான் கூப்பிட்டேன். அன்னைக்கி உங்க பழைய குழு முசே நாலரையிலதான வாசிச்சாரு?"

"இல்ல பாய், அஞ்சரை."

"நான் ஆர்கன் பக்கத்துலதான் நின்னேன். வெரலப் பாத்தேன்."

சலீம் பாய் இப்போது நாலரையில் வாசித்தார். நான் பாடினேன். அலறல் முழுசாக வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் உள்ளே போய்க் குழந்தையின் பஞ்சைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

2. முசே

முசே என்பது பிரெஞ்சு மரியாதைச் சொல். எங்கள் ஊரில் பெரியவர்கள் சிலருக்கு அதுவே பெயராக நின்றுவிடும். என் பழைய குழுவின் தலைவரும் அப்படித்தான். மாதா கோயிலில் ஆர்கன் வாசித்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களைச் சொல்தா என்போம்; சொல்தா வீட்டுக் கல்யாணம் என்றால் அவர் குழுதான். ஆடுவதற்குக் கத்தல் பாட்டு வேண்டும், அதற்கு நான்.

நான் முறையாகச் சங்கீதம் படித்தவள் அல்ல. ஆர்கன் கொடுக்கும் சுதியைப் பிடித்துக்கொண்டு பாடுவேன், அவ்வளவுதான்.

பிரசவத்துக்குப் பிறகு மேடைக்குத் திரும்பியபோது பயம் இருந்தது. "இப்பிடிக் கத்துனா பால் வத்திப்போயிடும்டி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் படித்தவள், அப்படி ஆகாது என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் குழந்தை வயிறு நிறையக் குடிக்கிறாளா என்று பார்ப்பேன். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். முன்புபோலவே வந்ததே.

இப்போது யோசித்தால் சில விஷயங்கள் ஞாபகம் வருகின்றன. கிட்டார் விக்டர் ஒருநாள் தந்திகளைத் தளர்த்தியபடி, "முசே, இன்னும் எறக்குனா இதுல துணிதான் காயப்போடணும்" என்றான். முசே அவனை முறைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பிறகு முசே என் பாட்டுகளைக் குறைத்தார். "இன்னைக்கி ஒண்ணு போதும்மா" என்பார். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை பெற்றவளை மேடையில் நிறுத்தக் கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் சலீம் பாய், கத்தல் பாட்டு எல்லாம் உங்களுக்கே என்று கூப்பிட்டார்.

விடைபெறப் போன அன்று முசே தடுக்கவில்லை. "அங்க நாலரையில ஆரம்பிம்மா. புது எடம்."

"என் சுதி அஞ்சரை. உங்களுக்குத் தெரியாதா முசே?"

"தெரியும்" என்று சொல்லி ஆர்கனை மூடினார்.

3. குருசுக்குப்பம்

சலீம் பாய் வீட்டு முதல் ஒத்திகை முடிந்த வாரத்திலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு குருசுக்குப்பத்தில் முசே வீட்டுக்குப் போனேன். திரும்ப வருகிறேன் என்று சொல்வதாகத்தான் யோசனை. ரிக்ஷாவில் வாக்கியத்தை மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தேன்.

உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. என் இடத்தில் ஒரு புதுப் பெண் நின்றாள். அவள் அலறியபோது கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது. விக்டரின் கிட்டாரைப் பார்த்தேன். தந்திகள் விறைப்பாக இருந்தன.

"வாம்மா, என்ன சேதி?" என்றார் முசே.

"பிள்ளையக் காட்டலாம்னு" என்றேன்.

விக்டர் நாற்காலி போட்டான். முசே குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். அவளுக்குப் புது முகம் பிடிக்காது, வீறிட்டு அழுதாள். முசே காதைச் சாய்த்துக் கேட்டு, ஒரு விரலால் ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார்.

"அஞ்சரை" என்றார்.

"இவளுக்கு ஆயுசுக்கும் வாடகைக்கு மைக் வேணாம்" என்றான் விக்டர். அந்தப் புதுப் பெண்ணும் சிரித்தாள்.

கிளம்பும்போது வாசலில் கேட்டேன். "முசே, எனக்காகச் சுதிய எறக்குனீங்களா?"

"யாரு எறக்குனா? ஆர்கன் பழசு. கடக்கர ஈரத்துல அதுவே எறங்கிடுச்சி."

"இப்ப ஏறிடுச்சே."

அவர் குழந்தையின் தலையில் துண்டைப் போர்த்திவிட்டு, "காத்து அடிக்குது, சீக்கிரம் போ" என்றார்.

4. சொல்ல வேண்டியது

அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பாடுவதையே விட்டிருப்பேனோ என்னவோ. சொல்லாததால்தான் அவரை விட்டு வந்தேன். எது சரி என்று இன்றும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். நான் இன்னும் இதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாகப் பாட வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். குழு மாறும்போது பழைய சுதியை மனப்பாடமாகச் சொல்லாதீர்கள். யாரும் இல்லாத நேரத்தில் ஒரு ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து, உங்கள் குரல் இப்போது எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு கட்டாயம் பாருங்கள்.

சலீம் பாய் நல்லவர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு, "சிஸ்டர், இன்னைக்கி சுதி?" என்று கேட்பார். நான் நாலரை என்பேன். அதன்படியே வாசிப்பார்.

முசே ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.