நடுவில் வரும் பந்து

அக்கா புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை. மழை வரும் வரும் என்று பயம் காட்டிவிட்டு வராமலே போன நாள். பெட்டி மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. அக்கா தங்கையைப் பிடித்து அதன்மேல் உட்காரவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடினாள். எல்லாம் உள்ளே போய்விட்டது. டென்னிஸ் ராக்கெட் மட்டும் வெளியே நின்றது.

"நீயே வெச்சுக்கோ. அங்க ஆஸ்பத்திரியில டூட்டி பாக்கவே நேரம் பத்தாது, இதுல எங்க ஆடறது?"

"எனக்கு எதுக்குக்கா ரெண்டு?"

"ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு."

அம்மா வாசல் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "போறவளைப் பிடிச்சு வைக்க நான் யாரு? போயிட்டு வா. எனக்குச் சின்னவ இருக்கா" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தைகள் சின்னவளின் காதில் தாழ்ப்பாள் விழுந்த மாதிரி விழுந்தன. டாக்சி தெருமுனையில் திரும்பும்வரை கையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள். "கதவைச் சாத்து" என்றாள் அம்மா. சாத்தினாள்.

அப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. விளக்கு போடும் நேரத்தில் அம்மாவைத் தனியாக விடக்கூடாது. அம்மாவுக்கு நோய் என்று எதுவும் இல்லை. பேரம் பேச ஆரம்பித்தால் காய்கறிக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், சுவர்கள் நெருங்கி வருகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. அதனால் பெண்கள் இருவரும் டென்னிஸ் ஆடப் போனால் அவளும் தண்ணீர் பாட்டிலோடு கூடவே வந்து, பூங்காவின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள்.

பூங்காவில் ஒரே ஒரு கோர்ட்தான். விரிசல் விட்ட சிமெண்ட் தரை, நடுவில் தொப்பை தள்ளிய நெட். மாலை நேரத்தில் தனியாட்டத்துக்கு இடம் கிடையாது. ஜோடியாக வந்தால்தான் ஆடலாம். சகோதரிகள் இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஜோடி. அக்கா இடது பக்கம் நிற்பாள், சின்னவள் வலது பக்கம். இருவருக்கும் வலக்கை ஆட்டம். ஆகவே நடுவில் வரும் பந்து அக்காவின் ஃபோர்ஹேண்டுக்கு வாகாகப் போய் விழும். சின்னவளுக்கோ அது பேக்ஹேண்ட், கையைக் குறுக்கே கொண்டுபோய் அடிக்க வேண்டும். யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, நடுப்பந்து அக்காவுடையதாகிவிட்டது. பெஞ்சிலிருந்து அம்மாவும் விடமாட்டாள்: "பெரியவளே, எடு!" சின்னவள் ஒதுங்கி வழிவிடுவாள். அவளுடைய பேக்ஹேண்ட் உறை பிரிக்காத பாத்திரம்போல அப்படியே இருந்தது. பூங்காவுக்கு ஆடவரும் மற்றப் பெண்கள் இவர்கள் இருவரையும் தலை, வால் என்றே கூப்பிட்டார்கள். எது வால் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டிலும் அதே ஏற்பாடுதான். மின்கட்டணம், அம்மாவின் கண் பரிசோதனை, ஒழுகும் குழாய், சின்னவள் வாங்கவேண்டிய செருப்பின் நிறம், எதுவானாலும் அக்கா ஓடிப்போய் எடுத்துவிடுவாள். "சரிக்கா" என்பது சின்னவளின் வாயில் ஒட்டிக்கொண்ட சொல்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவள் யாருக்கும் வால் இல்லை. பல்செட் செய்யும் லேப் அது. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையாக்கித் தருவார் அச்சுக்காரர். அதன்மேல் மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் தாடையும் கீழ்த் தாடையும் இடிக்காமல் கடிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முகம் பார்த்திராத ஆட்களுக்கு அவள் சிரிப்பு செய்து கொடுத்தாள். "பஸ்ஸுல யாராவது பல்லைக் காட்டினா, அது நம்மளோடதானான்னு பாத்துடுவேன். அவங்க முறைச்சிக்கிட்டு இறங்கிடுவாங்க" என்பாள். ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் வெள்ளைத் தூசி, பாலிஷ் போடும் சக்கரத்தின் முனகல். அங்கே மட்டும் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

அக்கா போன சில மாதங்களில் லேப் முதலாளி அவளைக் கூப்பிட்டார். பஸ்ஸில் அரைநாள் தள்ளியிருக்கும் இன்னோர் ஊரில் கிளை திறக்கப் போகிறார். "அங்க பொறுப்பா ஒரு ஆள் வேணும். உன்னைத்தான் நினைச்சிருக்கேன். வீட்டுல கேட்டுட்டு மாசக் கடைசிக்குள்ள சொல்லு."

போக வேண்டும் என்ற ஆசை இவ்வளவு நாளாக எங்கே ஒளிந்திருந்ததோ, எழுந்து நின்றுகொண்டது. கூடவே அம்மாவின் நாற்காலியும். அன்றைக்கே அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதி, "என்ன செய்யட்டும்க்கா?" என்று கேட்டாள். பதில் வந்தது: "டூட்டில இருக்கேன். யோசிச்சு சொல்றேன்."

அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் படம் வந்தது, புது ஷூவின் படம் வந்தது. யோசித்தது மட்டும் வரவில்லை.

இதற்கிடையில் ஜோடி இல்லாததால் கோர்ட்டும் கைவிட்டுப் போகிற நிலை. அப்போதுதான் கண்டக்டரம்மா வந்து சேர்ந்தாள். நகரப் பேருந்தில் டிக்கெட் கொடுப்பவள், தாட்டியான உடம்பு, இடக்கை ஆட்டம். நெட்டுக்குப் பக்கத்தில் நின்றால் பழக்கதோஷத்தில், "உள்ள போ, உள்ள போ, இடம் இருக்குல்ல!" என்று பந்தை விரட்டுவாள். இடது பக்கம்தான் நிற்பேன் என்று சொல்லிவிட்டாள். இடக்கைக்காரி இடதில், வலக்கைக்காரி வலதில். அதாவது நடுவில் வரும் பந்து இப்போது இருவருக்குமே பேக்ஹேண்ட். இருவருக்குமே பிடிக்காத பந்து.

ரயில்வே குடியிருப்பிலிருந்து வந்த ஜோடியோடு ஒரு பந்தயம். ஆட்டம் இழுபறி. எதிர்ப்பக்கத்தில் ஒல்லிப் பெண் ஒருத்தி அடித்த பந்து நேராக நடுவில் வந்தது. வேகம் கூட இல்லை, நடந்து வந்தது என்றே சொல்லலாம். சின்னவள் ஒதுங்கினாள். கண்டக்டரம்மா அவளைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"பெரியவளே, எடு!"

பந்து இருவருக்கும் நடுவே மெல்லத் துள்ளி, பின்னால் கம்பிவேலியில் போய் முட்டியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்டக்டரம்மாதான் இடுப்பில் கைவைத்து, "யாரைக் கூப்பிடறீங்கம்மா? அவங்க எப்பவோ இறங்கிட்டாங்க. வண்டி நாலு ஸ்டாப் தாண்டி வந்தாச்சு" என்றாள்.

எதிர்ப்பக்கத்துப் பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். சின்னவள் சிரிக்கவில்லை. வேலியடியில் கிடந்த பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா இல்லாத இடத்துக்கு இத்தனை மாதமும் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். இடம் காலி. பந்து வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

பந்தயத்தில் தோற்றார்கள். பையில் ராக்கெட்டைத் திணித்துக்கொண்டே கண்டக்டரம்மா சொன்னாள்: "இங்க பாரு. நடுவுல வர்றது எனக்கும் பிடிக்காது, உனக்கும் பிடிக்காது. அதுக்காக வராம இருக்குமா? பந்துக்கு யார் பக்கத்துல இருக்கோமோ அவங்க கத்திடணும். கத்திட்டு எடுக்கணும்."

"என்னன்னு கத்தறது?"

"ஐயோ, இதுக்கும் ஒரு ஆள் சொல்லணுமா? 'என்னுது'ன்னு கத்து."

சொல்வது சுலபம். வாழ்க்கையில் எதைப் பார்த்தும் அவள் உரக்க 'என்னுது' என்று சொன்னதில்லை. முதல் தடவை கத்தியபோது குரல் கிறீச்சிட்டது, பந்து நெட்டில் விழுந்தது. ஒரு கையால் முடியவில்லை என்று இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்துப் பார்த்தாள். பந்து நெட்டில், வேலிக்கு வெளியே, ஒரு தடவை பெஞ்சில் அம்மாவின் பாட்டில்மேல். "என்னடி கத்து கத்தற, யாரோ நகையைப் பிடுங்கினாப்ல" என்றாள் அம்மா. பத்துப் பந்தில் இரண்டு நெட்டைத் தாண்டின. அந்த இரண்டும் அசிங்கமாகத்தான் போய் விழுந்தன.

மாதக் கடைசி வந்தது. அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அன்று காலை அவள் கீழ்த் தாடை ஒன்றில் கடைவாய்ப் பல் நட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி அறைக்குள் எட்டிப் பார்த்தார். அச்சுக்காரரும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, கேள்வியை இருவருக்கும் பொதுவாக வீசினார்: "அப்ப, கிளைக்கு யார் போறதுன்னு முடிவு பண்ணலாமா?"

அச்சுக்காரர் பிளாஸ்டர் கலக்கும் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினார். நல்ல மனுஷர், அவளுக்காகப் பேசுவதாகத்தான் நினைத்தார். "அவங்க எங்க சார் போறது? அவங்கம்மா விட..."

"நான் போறேன்" என்றாள் அவள்.

குரல் கிறீச்சிட்டது. கையிலிருந்த பல் மெழுகில் கோணலாக இறங்கிவிட்டது.

அம்மாவிடம் சொன்னபோது அம்மா கூச்சல் போடவில்லை. கூச்சல் போட்டிருந்தால் தேவலை. "போ. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்று நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "பெரியவளுக்குத் தெரியுமா? அவ என்ன சொன்னா?"

"அவ ஒண்ணும் சொல்லலை."

"அவளைக் கேக்காமலா முடிவு பண்ணினே?"

"கேட்டேன். பதில் வரலை. நீயும் என்கூட வாயேம்மா."

"என்னைப் பெட்டியில போட்டு மேல உக்காந்து ஜிப்பை மூடு, வரேன்."

திங்கள் விடியற்காலையில் போய் வெள்ளி இரவு திரும்புவது என்று அவள் முதலாளியிடம் பேசி வாங்கினாள். அக்காவுக்கு இதை அவளும் எழுதவில்லை, வீம்புக்கு அம்மாவும் சொல்லவில்லை. நடுவிலிருக்கும் சாயங்காலங்களுக்கு வழி தெரியவில்லை. வழி கண்டுபிடித்தது கண்டக்டரம்மாதான். இனி ஆட ஜோடி இல்லை என்று அவள் மாற்றி வாங்கிக்கொண்ட மாலை டிரிப் அந்தத் தெருவழியாகத்தான் போகும். "அம்மாவைத் தெருமுனையில வந்து நிக்கச் சொல்லு, ஏத்திக்கறேன். ஒரு சுத்து சுத்தி எட்டு மணிக்கு நானே வாசல்ல இறக்கி விடறேன். அதுக்குள்ள விளக்கு போடற நேரமெல்லாம் தாண்டிடும்ல?"

பஸ்ஸா என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். ஒரு வாரம் கோபத்தோடு போனாள். மறுவாரம் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கை அவளுடையதாகிவிட்டது. அதற்கடுத்த வாரம் படியில் தொங்கும் பையன்களை அவளே மிரட்டி உள்ளே தள்ளத் தொடங்கிவிட்டாள் என்று தகவல் வந்தது.

சின்னவளுக்குத்தான் அத்தனை சீக்கிரம் எதுவும் பழகவில்லை. புது ஊரில் கிடைத்தது மாடிமேல் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். கட்டிலில் படுத்தால் வலது ஓரமாகவே படுத்தாள், இடதில் ஆள் இருப்பதுபோல. லேப்பில் அவளிடம் வந்து, "இதை எப்படி செய்யட்டும்?" என்று யாராவது கேட்டால் ஒருகணம் திரும்பிப் பின்னால் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வீட்டை நெருங்க நெருங்க ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்துவிடுவாள். திங்கள் பஸ்ஸில் வீட்டைவிட்டு விலக விலகவும் அதேதான். ஓர் அறையைவிட்டு இன்னோர் அறைக்கு மாறியிருக்கிறோம், அவ்வளவுதானோ என்று நினைத்துக்கொள்வாள்.

அங்கேயும் ஒரு கோர்ட் இருந்தது. அங்கே யாரும் ஜோடி கேட்கவில்லை; எதிரே ஆட ஒரு வங்கிப் பெண் கிடைத்தாள். முதல்முறையாக முழுக் கோர்ட்டும் அவள் ஒருத்திக்கு. ஆரம்பத்தில் வலது பாதியிலேயே நின்றுகொண்டு, இடதில் விழுந்த பந்துகளை வேடிக்கை பார்த்தாள். "அங்க யார் வரப் போறாங்கன்னு காத்திருக்கீங்க?" என்று கேட்டாள் வங்கிப் பெண். மெல்ல மெல்லக் கால்கள் நடுக்கோட்டைத் தாண்டக் கற்றுக்கொண்டன. அக்கா விட்டுப்போன ராக்கெட்டைத்தான் எடுத்துப் போவாள். இரண்டு கையால் பிடிக்க அதன் கைப்பிடிதான் தோது. நடுவில் வரும் பந்தைப் பார்த்து இன்னமும் கத்துவாள், கூட ஆட யாருமே இல்லாவிட்டாலும். வங்கிப் பெண்ணுக்கு அது ஒரே வேடிக்கை.

மழைக்காலம் முடிந்து, வெயில் ஏறி, அதுவும் தணியத் தொடங்கிய ஒரு புதன்கிழமை. லேப்பில் ஒரு மேல் தாடைக்குக் கடைசிப் பாலிஷ் போட்டுவிட்டு, சக்கரத்தை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அம்மாவிடமிருந்து ஒரு தவறிய அழைப்பு, அந்த நேரமென்றால் பஸ்ஸிலிருந்துதான். அதற்குக் கீழே அக்கா. எந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரொம்ப யோசிச்சேன்டா. அந்தக் கிளை வேலை வேணாம்னு தோணுது. அம்மாவை விட்டுட்டு உன்னால தனியா இருக்க முடியாது. அவசரப்பட்டு ஒண்ணும் சொல்லிடாதே. நீ தள்ளி நில்லு, நான் பாத்துக்கறேன்."