மெக்கானிக் அண்ணனின் காலை அழைப்பு

காலையில் சுடலைமுத்து அண்ணனின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தவுடன், "போட்டாச்சுண்ணே, போட்டாச்சு! உயிர வாங்காதீங்க," என்றேன். பேசியது அவர் தங்கை கனி. "அண்ணன் போயிருச்சுண்ணே," என்றாள். அப்போதுதான் விழுங்கிய மாத்திரை நெஞ்சிலேயே நின்றது.

கோவில்பட்டியில் அவரிடம் பைக்கை ரிப்பேருக்கு விட்ட பலருக்கும் தெரியாது, அவருக்கும் எனக்கும் ஒரே நோய் என்பது. ஈரலிலும் மூளையிலும் தாமிரம் சேர்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய். திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் பழகினோம். அன்று அவரால் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, அப்படி ஒரு நடுக்கம். மாத்திரை தொடங்கியபின் கை மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. கார்புரேட்டரின் பொடித் திருகை மாட்டிக்காட்டி, "பாத்தியாலே! ஆயுசுக்கும் மாத்திரையாம். போட்டாத்தான ஆயுசு இருக்கும்," என்று சிரித்தார். அதிலிருந்து தினமும் காலையில், வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டிய நேரத்தில், எனக்கு ஒரு போன். எரிச்சலாக வரும்.

அப்படிப்பட்டவர் தான் மட்டும் நிறுத்திவிட்டாரே! எனக்கு ஆறவே இல்லை. திருச்செந்தூருக்கு மாலை போட்டிருந்தார். மாத்திரையின் கூடு மாட்டெலும்பில் செய்வது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விரதம் முடிந்தும் தொடவில்லை. "நல்லாத்தானலே இருந்தேன்," என்றார், ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்ணெல்லாம் மஞ்சளாக. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு வழி சொல்லியிருப்பார். திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள், "நீ போட்டியாலே?" என்றார். கட்டிலில் கிடந்தும் காலை போனை அவர் நிறுத்தவில்லை.

அவர் ஊரான இடைசெவலில் துட்டி கேட்க வந்தவர்கள், "அந்த மருந்தத் தின்னுதான் ஈரலே போச்சு," என்று பேசிக்கொண்டார்கள். கனிக்கும் அதே நோய். அண்ணனுக்கு நோய் இருப்பது தெரிந்ததும் அவளுக்கும் செய்த சோதனையில் கண்டுபிடித்தது. இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. அவளும் மாத்திரையை ஒதுக்கிவிட்டாள். "மருந்து தின்ன அண்ணனே போயிருச்சு. எனக்கு எதுக்கு?" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "தின்னு சாகல! நிறுத்தித்தான் செத்தாரு!" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். அவரை அறிந்த உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன். அவள் காதில் வேறு கதை போடாதீர்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நச்சரிப்புதான். இப்போது காலைதோறும் நான் கனியைக் கூப்பிடுகிறேன். அண்ணனின் போன் அவளிடம்தான் இருக்கிறது. எடுக்கவே மாட்டாள். இன்று எடுத்தாள்.

"போட்டாச்சுண்ணே, போட்டாச்சு! உயிர வாங்காதீங்க."

"நாளைக்கும் வாங்குவேன்," என்றேன்.