எடை எழுதினால் நகர்ந்துவிடும் வரி

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் போவார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அங்கே அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா பிள்ளைகளை எடை நிறுத்து, எடைகளை ஆபீசுக்கு அனுப்புவார். அவற்றை எக்செல்லில் பதிவது என் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. ஆயம்மா தினமும் காலையில் வாசிக்கும் பெயர்ப்பட்டியலும் அந்தத் தாளிலிருந்துதான் போகும்.

அந்தத் தாளில் மேக்ரோ என்னும் ஒரு சிறு நிரலை வைத்திருந்தேன். எடைக்கட்டத்தில் எண்ணைத் தட்டி முடித்ததும் அது தானாக ஓடும். போன மாதத்தைவிட எடை குறைந்திருந்தால் கட்டம் சிவப்பாகும். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருந்தால் அந்த வரியே 'விலகியோர்' என்ற அடுத்த தாளுக்குப் போய்விடும். ஐந்து வயது வரைதான் பிள்ளைக்காம்பரா என்பது தோட்டத்து விதி. வயதைக் கணக்கிடும் கட்டம் நாள்தோறும் தானாக மாறும். ஆனால் அந்த மாற்றம் மேக்ரோவை எழுப்பாது. யாராவது கையால் ஒன்றைத் தட்டினால்தான் அது விழிக்கும். அதனால் பிறந்தநாளில் எந்தப் பெயரும் போகாது. அடுத்த நிறுவைக்குப் பிறகே போகும். எனக்கு அது வசதியாகவே தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை ஒரு சிறுமியின் கட்டம் சிவந்தது. அடுத்த வாரம் ஐந்து முடியப்போகிறவள். காய்ச்சல், வயிற்றோட்டம் என்று எந்தக் குறிப்பும் இல்லை. மழை விட்டிருந்ததால் பகல் சாப்பாட்டு நேரத்தில் நானே பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கிப் போனேன்.

அந்தப் பிள்ளையின் தாய் கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவசர அவசரமாக விழுங்கியது.

"காலையில என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டேன்.

தாய் அடுத்த கவளத்தை உருட்டினாள். ஆயம்மாதான் வாயைத் திறந்தார்.

"சொல்லேன் தங்கச்சி. ஐயா என்ன ஒன்ன கடிச்சா திங்கப்போறாரு? இவ நிறுக்கிற அன்னிக்கு மட்டும் புள்ளைக்கு ரொட்டி குடுக்கலீங்க. இப்பத்தான் எங்கிட்டயே சொன்னா."

"ஏம்மா?"

"எட ஏறிட்டா வெளிய அனுப்பிருவீங்கள்ல?" என்றாள் தாய். "பக்கத்து லயத்து வீட்டுப் பையன் ரெண்டு பேரும் நல்லா கொழுகொழுன்னு இருந்தானுங்க. தராசுல ஏத்துனாங்க, மறுநாள் பேரு இல்ல. ஒருத்தன் அவங்க பெரியம்மா வீட்டுல ராகலையில கெடக்கான். இன்னொருத்தனோட அம்மா வேலைக்கே வர்றதில்ல. எம்புள்ளைக்கு ஸ்கூலு தையிலதான். அதுவரைக்கும் இவள எங்கங்க விட? லயத்துல யாருங்க இருக்கா?"

அவள் நினைத்ததில் பிழை காண்பது கடினம். மலையில் அவளுடைய கொழுந்தை நிறுப்பதும் தராசுதான். அது காட்டும் எடைதான் அன்றைக்கு அவளுக்கு முழு நாள் கூலியா, அரை நாள் கூலியா என்று முடிவு செய்கிறது. ஒரு தராசு நாளைப் பாதியாக்கும் என்றால், இன்னொரு தராசு பிள்ளையை வெளியே தள்ளாதா?

"எடைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. வயசுதான் காரணம். எடையைத் தட்டுற நேரத்துல கம்ப்யூட்டர் வயசப் பாக்குது. அவ்வளவுதான்."

"அப்ப தராசு ஒன்னும் பண்ணலியா?"

"ஒன்னும் பண்ணல."

"எப்படிப் பாத்தாலும் அடுத்த மாசம் எம்புள்ள பேரு போயிருமே," என்றாள் அவள்.

முன்பெல்லாம் தை மாதம் பள்ளிக்கூடம் சேரும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்வதுதான் வழக்கம் என்று ஆயம்மா சொன்னார். விதியில் ஐந்து வயது என்று எழுதியிருந்தாலும் யாரும் நாள் பார்த்து வெளியே அனுப்பியதில்லையாம். நான் வைத்த மேக்ரோ நாள் பார்த்தது.

அன்று பின்னேரமே தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போனேன். அவர் தன் ஊதா நிறக் குடையைக் கையிலெடுத்து மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அடுத்த தை வரைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும், இல்லாவிட்டால் தாய்மாரும் வேலைக்கு வரமாட்டார்கள் என்றேன். வேலைக்கு வரமாட்டார்கள் என்றதும் நின்றார்.

"ஸ்கூல் போற வரைக்கும் வச்சிக்கங்க. அத கம்ப்யூட்டருல மாத்த நாளாகுமா?"

"ஒரு வரிதாங்க."

ஐந்து வயது என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, 'பள்ளியில் சேர்ந்த நாள்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அந்தக் கட்டம் நிரம்பினால் மட்டுமே வரி நகரும். பொய்ப் பெயர் ஒன்றை இட்டு, எடையைத் தட்டிச் சோதித்தேன். வரி அசையவில்லை. விலகியோர் தாளிலிருந்து அந்த இரண்டு பையன்களையும் திரும்பக் கொண்டுவந்தேன். சிவப்பாகும் பகுதியில் கைவைக்கவில்லை. அது சிவந்ததால்தானே நான் இறங்கிப் போனேன்.

அடுத்த நிறுவைக்கு நானும் போனேன். அந்தச் சிறுமி கையில் பாதி ரொட்டியோடு தராசில் ஏறினாள்.

"ரொட்டிய கீழ வையிடீ, அதையுமா நிறுக்கச் சொல்ற?" என்று ஆயம்மா அதட்டினார்.

"இருக்கட்டும், தின்னு முடிக்கட்டும்," என்றேன். கையிலிருப்பதைச் சேர்த்து எழுத எனக்கு மனம் வராது. எல்லோரும் காத்து நின்றோம். அவளோ ரொட்டியின் கருகிய ஓரத்தை மட்டும் கிள்ளிக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தாள். பிறகு நிறுத்தோம். ஆபீசுக்கு வந்து தட்டினேன். கட்டம் வெள்ளையாகவே இருந்தது; வரியும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனாலும் தாய் நம்பவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் போன பிறகும், கூடையைத் தலையில் மாட்டியபடி பிள்ளைக்காம்பரா வாசலிலேயே நின்றாளாம். ஆயம்மா அன்றைய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மகளின் பெயர் வந்தது.

"கேட்டுக்கிட்டியா? ஓடு, கங்காணி கத்தப்போறாரு," என்றாராம் ஆயம்மா.

"இன்னொரு தரம் வாசிங்க ஆயம்மா," என்றாளாம் அவள்.