ஜோசி டெலஹன்டியின் மரத்துக்கு வந்த புனிதம்

ஹர்லிங் பித்துப் பிடித்த அயர்லாந்துக் கில்கென்னியில் பிறந்தும் அந்த மட்டைப்பந்து ஆட்டத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்ட ஒரே ஜீவன் எங்கள் ஊர் ஜோசி டெலஹன்டி. கல்யாணம் ஆகாதவள். கறவைப் பசுக்களும் கூரான நாக்கும் அவள் சொத்து. பாவமன்னிப்பில் இந்தக் கொட்டாவியையும் சேர்த்துச் சொல்கிறாளா என்று ஊரே கவலைப்பட்டதுண்டு.

நுனி கருகும் நோய் வந்து வேலியோர ஆஷ் மரங்களெல்லாம் எலும்புக்கூடாகிவிட்டன. ஆஷ் மரத்தின் தண்டு வேராக வளையும் இடத்தில்தான் ஹர்லிங் மட்டை பிறக்கிறது. வெளிநாட்டுப் பலகையிலா ஆடுவது என்று ஊர் துக்கம் காத்தது. அப்போதுதான் தெரிந்தது, ஜோசியின் வயலோரம் ஊற்றருகே ஒரு ஆஷ் மட்டும் உச்சிவரை பச்சையாக நிற்பது. ஆனால் அது நின்ற வேலி, அவள் வயலுக்கும் ஆட்டக் கழகத்தின் திடலுக்கும் பொது.

கழகத் தலைவர் பேக்கி பிரோஃபி உடனே வந்து நின்றார்.

"ஜோசி, திங்கக்கிழமை ரம்பம் வருது. அடுத்த வருஷம் நம்ம பசங்க அத்தனை பேருக்கும் மட்டை!"

"நோயைத் தாங்கி நிக்கிற ஒரே மரம், பேக்கி. குளிர்காலத்துல ஆராய்ச்சிக்காரங்க குச்சி வெட்டி ஒட்டுக்கட்ட வர்றாங்க. அது பெருகினாத்தான் உன் பேரனுக்கு மட்டை."

"நீ உன் பாதியை வச்சுக்கோ. நான் என் பாதியை வெட்டிக்கறேன்."

ஜோசி வீட்டுக்குப் போய்ப் பழந்துணிப் பெட்டியைக் கிளறினாள். மறுநாள் காலை மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு சிவப்புத் துணி தொங்கியது. ஊற்றருகே துணி கட்டிய மரம் என்றால் எங்களுக்கு அது புனிதர் மரம். அதை வெட்டியவன் வீட்டில் பால் திரியும்.

"எந்தப் புனிதருடி?" என்று கடைக்காரி கேட்டாள்.

"பேர் சொல்ல மாட்டாரு. ரொம்ப அடக்கம்."

ஞாயிறு பூசை முடிந்ததும் முழங்கால் வலி, சினை பிடிக்காத பசு என்று ஆளாளுக்கு ஒரு துணி கட்டினார்கள். வரப்போகும் இறுதி ஆட்டத்தை நினைத்து ஆட்டக்காரர்கள் சாக்ஸைக் கட்டினார்கள்.

திங்கட்கிழமை ரம்பத்தோடு வந்த பேக்கி அண்ணாந்து பார்த்தார். "இது என் பொண்டாட்டி ஸ்கார்ஃப் இல்ல?"

"நீங்க ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டுக் கட்டினா. வெட்டு தலைவரே, உன் பாதியைத்தானே!" என்றாள் ஜோசி.

ரம்பம் வேனுக்குத் திரும்பியது.

ஆனால் இறுதி ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றோம். புனிதர் பொய்த்தார், இனி மரம் பிழைக்காது என்று ஜோசி வேலியருகே காவல் நின்றாள். கழகமோ கூடி விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது: கோல்கீப்பர் கட்டியது துவைக்காத சாக்ஸ்.

"அந்த நாத்தத்துல எந்தப் புனிதர் நிப்பாரு?" என்றார் பேக்கி.

குளிர்காலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் ஏணியோடு வந்தபோது மரத்தடியில் கைகளை விரித்து மறித்தவரும் அவர்தான். "புனிதர் மரத்துல கத்தி வைக்கிறதா? என் பிணத்து மேல ஏறித்தான் போகணும்!"

ஜோசி தலையில் அடித்துக்கொண்டாள். "அட மடையா, புனிதருக்கும் நாலு ஊர்ல கிளை வேணாமா?"

பேக்கி விரித்த கைகளை இறக்கினார். "அப்போ முதல் கன்னு எங்க திடலுக்கு."

"தர்றோம்" என்றார்கள் ஆராய்ச்சிக்காரர்கள்.

பேக்கி தொப்பியைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.